பின்கதவு பூட்டில்லாத ஒரு பெட்டி

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டபோது பல யோசனைகள் வந்தன. மாணவிகள் தங்கள் கையாலேயே ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டி செய்யட்டும் என்பது எங்கள் யோசனை. நாணயம் போட்டு, நின்றபடி விளையாடும் கடைப் பெட்டிகள் முன்பு வெளிநாடுகளில் இருந்தனவே, அந்த மாதிரியானது. "படிக்கிற பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பெட்டி எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதிலையே இங்கு சொல்ல விரும்புகிறோம்.

எங்களில் பலர் வன்னியில் மின்சாரம் இல்லாத காலத்தில் படித்தவர்கள். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் வானொலிக்குப் போடும் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். இரவில் பிபிசி தமிழோசை கேட்க முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்தோம். சைக்கிள் டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோல்ட் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் நான்கு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் இருந்தால் போதும். கை சோர்ந்தால் செய்தியும் அமுங்கிவிடும்.

அந்தச் சுற்றை இணைத்தவர்கள் பெரும்பாலும் அண்ணாமாரும் மாமாமாரும். பெடலைச் சுற்றியவர்கள் நாங்கள். பெண்பிள்ளைகள் வயரில் கை வைக்கக்கூடாது என்பது அன்றைய வழக்கம். சீராக்கற் சுற்றை நாங்கள் பின்னர் பாடப்புத்தகத்தில் படமாகத்தான் கண்டோம். இன்று மின்சாரம் இருக்கிறது, கைத்தொலைபேசி இருக்கிறது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கும் பழக்கம் இருக்கிறதா?

உலகத்தின் முதற் புகழ்பெற்ற விளையாட்டுப் பெட்டியும் கைவேலைதான். 1972இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனத்தில் அலன் அல்கோர்ன் என்ற இளம் பொறியியலாளர், கடையில் வாங்கிய ஒரு சாதாரணக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியை மரப்பெட்டிக்குள் வைத்து 'பொங்' விளையாட்டைச் செய்தார். அதைக் கலிபோர்னியாவில் ஒரு மதுச்சாலையில் வைத்தார்கள். சில நாளில் பெட்டி வேலை செய்யவில்லை என்று அழைப்பு வந்தது. திறந்து பார்த்தால், நாணயங்கள் நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தன! 1980இல் ஜப்பானில் 'பக்மன்' விளையாட்டை வடிவமைத்த தோரு இவாத்தானி, பெண்களும் விளையாட வரவேண்டும் என்று எண்ணியே அதைச் செய்தார். 1981இல் வந்த 'சென்டிபீட்' விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவர் டோனா பெய்லி என்ற பெண்.

பிள்ளைகளே, இதைச் செய்வது எப்படி என்று பார்ப்போம். எட்டுக்கு நான்கு அடிப் பிளைவுட் பலகையில் இரு பக்கங்களையும் ஒரே அளவாக வெட்ட வேண்டும். சாய்வான மேசைத்தட்டு, உங்கள் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். திரைக்குப் பழைய தட்டைக் கணினித் திரை போதும். குழாய்த் தொலைக்காட்சி வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதற்குள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். மூளையாக ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி. பிள்ளைகள் கணினி கற்கவேண்டும் என்றே பிரித்தானியாவில் 2012இல் அதை வெளியிட்டார்கள். அதற்குத் தேவை 5 வோல்ட், எங்கள் டைனமோவின் 6 வோல்ட்டைவிடக் குறைவு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் இணைப்பை மட்டும் ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

கைப்பிடி பெரிய மந்திரம் அல்ல. அதன் அடியில் நான்கு சிறிய ஆளிகள் இருக்கும். மேலே தள்ளினால் ஒன்று, கீழே இழுத்தால் ஒன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று. ஆளி மூடினால் சுற்றுப் பூர்த்தியாகும், கணினி அதை அறியும். உங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ள அதே ஆளிதான்.

எந்த விளையாட்டைப் போடுவது? மற்றவர்களின் பழைய விளையாட்டுகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். எனவே நீங்களே எழுதுங்கள். நமது கிளித்தட்டு இருக்கிறதே! கோடுகள், மறிப்பவர்கள், நடுக்கோட்டில் ஓடும் கிளி, நழுவிப் பாயும் ஆள். நான்கு திசைக் கைப்பிடிக்கு அளந்து செய்தது போன்ற விளையாட்டு. கிளி எப்போது திரும்ப வேண்டும், யார் பிடிபட்டார் என்பதை நிபந்தனைகளாக எழுதும்போது கணிதமும் தருக்கமும் தாமாகவே வரும். படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்ற கேள்விக்கு இதுவே எங்கள் பதில்.

இதற்குச் சங்கத்தின் பெருந்தொகை தேவையில்லை. பழைய மாணவிகளே, வீட்டில் சும்மா கிடக்கும் கணினித் திரைகளையும் மிஞ்சிய பலகைகளையும் கொண்டுவாருங்கள். பொறியியல், கணினித் துறைகளில் இருப்பவர்கள் சில சனிக்கிழமைகளை ஒதுக்குங்கள். ஆனால் சொல்லிக் கொடுப்பதோடு நில்லுங்கள். ஈயப்பற்று வைக்கும் கோல் மாணவிகளின் கையிலேயே இருக்கட்டும்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. பெட்டியின் பின்கதவுக்குப் பூட்டுப் போடாதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும் வகுப்பு அதைத் திறக்கட்டும், கழற்றட்டும், திருத்தட்டும், தங்கள் விளையாட்டையும் சேர்க்கட்டும்.