விளையாட்டினூடே ஒரு வரலாறு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், சிறுவர் நாடகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சற்று முன் நீங்கள் பார்த்த சிறுவர் நாடகம் 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வைப் பற்றியது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கத் தொடங்கியபோது, பார்ப்பவர்கள் கண்கலங்க வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணமாயிருந்தது. வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த அந்த மழை இரவு எங்கள் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அடி அடியாக நகர்ந்தோம். தாகத்துக்குக் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீர் ஏந்திக் குடித்தோம்.

முதல் வாரம் பிள்ளைகள் சொன்னபடி நின்றார்கள், சொன்னபடி தலை குனிந்தார்கள். கையில் குடையைக் கொடுத்ததும் எல்லாம் மாறிற்று. இல்லாத மழையைக் குடைக்குள் நிரப்பி ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிச் சிரித்தார்கள். எங்களுக்குக் கோபம் வந்தது. "இது விளையாட்டில்லை, பிள்ளையள்!" என்று அதட்டினோம். அவர்கள் அடங்கினார்கள், நாடகமும் உயிரிழந்து போயிற்று.

அன்று வீடு திரும்பும் வழியில் எங்களில் ஒருத்தி கேட்டாள்: "நாங்கள் பங்கருக்குள்ள என்னடி செய்தனாங்கள்?"

விளையாடினோம். பொம்மர் சுற்றும்போது காதைப் பொத்தினோம். அது போனதும் சிரட்டையில் மண்சோறு சமைத்தோம். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் கைவிரலால் மானும் முயலும் காட்டினோம். அந்தச் சிரிப்பை மறைத்துத் துயரத்தை மட்டும் பிள்ளைகள் தலையில் ஏற்றினால், அது பாதி வரலாறுதானே?

அப்போது குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்களை நினைத்துக்கொண்டோம். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர் அவர். 'கூடி விளையாடு பாப்பா' என்ற சிறுவர் நாடகத்தைத் தந்த அதே கைதான் 1985இல் 'மண் சுமந்த மேனிய'ரையும் தந்தது. 2025 ஜனவரியில் அவரை இழந்தோம். அவர் காட்டிய வழி இருக்கிறது.

பிறகு ஒவ்வொரு ஒத்திகையையும் கிளித்தட்டில் தொடங்கினோம். அதன் கோடுகளே நாடகத்தில் வீதியாயின; மறித்து நின்றவர்களே நகரவிடாத நெரிசலாயினர். எந்தப் பிள்ளையையும் அழச் சொல்லவில்லை. பிணமாகக் கிடக்கச் சொல்லவில்லை. வீட்டுத் துயரத்தைக் கிளறிக் கேட்கவில்லை. இழந்தவர்களைப் பற்றிய வசனங்களை வளர்ந்த நாங்களே பேசினோம். கடைசியிலும் ஒரு விளையாட்டு வைத்தோம், பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதற்காக. ஓரிடத்தில் மட்டும், குடைநீரை முதலில் அம்மம்மாவுக்குக் கொடுக்கும் இடத்தில், பத்து எண்ணும்வரை அசையாமல் நிற்கச் சொன்னோம். அதையும் விளையாட்டின் விதியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் சின்னவள் ஒருத்தி கேட்டாள்: "அம்மம்மா தன்ர வீட்டுக்குத் திரும்பிப் போனவவோ?"

நாங்கள் எழுதிய நாடகத்தில் அந்தக் கேள்வி இல்லை. "சில பேர் போனவை. சில பேர் போகேல்லை" என்று உள்ளதைச் சொன்னோம். அவள் சற்று யோசித்துவிட்டு மறுபடி விளையாடப் போனாள். மறுநாள் ஒத்திகையில், யாரும் சொல்லாமலே, அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இன்று மேடையில் நீங்கள் கண்டதும் அதுதான்.

சகோதரிகளே, உங்கள் பேரப்பிள்ளைகளும் ஊரைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு குடையைக் கையில் கொடுத்துத் தொடங்குங்கள். சிரிக்கட்டும். கேள்வி வரும்போது உண்மையைச் சொல்லுங்கள்.