மாக்கோழி கூவியது

(மூணாற்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



‘இலக்கியமும் அறமும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அதை நான் கொஞ்சம் வளைத்துக்கொண்டேன். காரணம் என் பேரன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பேரன் பக்கத்தில் செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு வழிப்போக்கன், கையில் வாள். எதிரே ஒரு கிழட்டு வியாபாரி மருந்து விற்கிறான். பேரன் மருந்து வாங்குவான் என்று பார்த்தேன். ஒரே வெட்டு. கிழவன் விழுந்தான், பையை இவன் எடுத்துக்கொண்டான். “காசு இல்லையாடா?” என்றேன். “இருக்கு தாத்தா.” “பின்னே ஏன் வெட்டினே?” “நானா வெட்டினேன்? அந்த ஆளுல்ல வெட்டுனான்.” அந்த ஆளின் தலைக்கு மேல் ஒரு பெயர் மிதந்துகொண்டிருந்தது. என் பேரனின் பெயர். ஆட்டம் தொடங்கும்போது பெயர் கேட்டதாம், தன் பெயரையே கொடுத்துவிட்டானாம்.

சிரித்துவிட்டேன். ஆனால் இரவு தூக்கம் வரவில்லை. நாற்பது வருடம் தமிழ் நடத்தியவன் நான். வெட்டியது பாத்திரமா, ஆடுகிறவனா என்ற இந்தக் கேள்விக்கு நம்மிடம் பழைய விடை ஏதாவது இருக்குமே என்று தேடினேன். ஒன்றல்ல, இரண்டு கிடைத்தன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

முதலாவது, தொண்டை நாட்டுத் தெருக்கூத்து. திரௌபதி துகிலுரிதல் நடக்கும் இரவில், துச்சாதனன் சேலையில் கை வைக்கும் கட்டம் வரும்போது ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதன வேடம் கட்டியவர் திரௌபதி முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்பார். எதிரே நிற்பவரும் பெரும்பாலும் பெண் வேடமிட்ட ஆண்தான், கூட ஆடுகிறவர்தான். கேட்டு முடித்த பிறகு எழுந்து, சேலையை இழுப்பார். கதை மாறாது. வியாசரும் வில்லிபுத்தூராரும் எழுதி வைத்ததை அவர் என்ன செய்ய முடியும்? அவருக்கு வேறு வழியே இல்லை, இருந்தும் மன்னிப்புக் கேட்கிறார். கதையின் பாவம் துச்சாதனனுக்கு, சேலையைத் தொடும் கை மட்டும் என்னுடையது என்று அவர் கணக்குப் பிரிக்கிறார். நான் படித்த அறநூல் எதிலும் இவ்வளவு துல்லியமான கணக்கைப் பார்த்ததில்லை.

இரண்டாவது, ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான யசோதர காவியம். இதைக் கல்லூரியில் தேர்வுக்காகப் படித்து மறந்திருப்பீர்கள். மன்னன் யசோதரன் கெட்ட கனவு காண்கிறான். தீங்கு நீங்கக் கோழி பலி கொடு என்கிறாள் தாய் சந்திரமதி. உயிர்க்கொலை கூடாது என்கிறான் மகன். கடைசியில் இருவரும் ஒரு சமரசத்துக்கு வருகிறார்கள்: மாவில் கோழி செய்து அதை வெட்டுவது. வாளை ஓங்கி வெட்டினால், அந்த மாக்கோழி உயிருள்ள கோழிபோல் கூவி விழுகிறது! பிறகு, மனைவி வைத்த நஞ்சில் தாயும் மகனும் இறக்கிறார்கள். மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறக்கிறார்கள். அதோடு முடியவில்லை, விலங்குப் பிறவிகள் வரிசையாகத் தொடர்கின்றன. வெட்டியது மாவு, கணக்கில் ஏறியது கொலை. சமணம் நினைப்பையும் வினையாக எண்ணும் சமயம். பாலக்காட்டு ஜைனிமேட்டில் இன்றும் சமணக் கோயில் உண்டு. அங்கே போய் என் பேரனின் வழக்கைச் சொன்னால் அவன் எத்தனை பிறவி எடுக்க வேண்டியிருக்குமோ!

இங்கே நான் காவியத்தோடு மாறுபடுகிறேன். யசோதரன் விளையாடவில்லை. பலியின் பலன் வேண்டும், பலியின் பாவம் மட்டும் வேண்டாம் என்று தெய்வத்திடமே பேரம் பேசினான். மாக்கோழி அவனுக்குப் பொம்மை அல்ல, சட்டத்தில் கண்டுபிடித்த ஓட்டை. என் பேரனுக்கு அந்தக் கிழவன் பொம்மை என்று நன்றாகத் தெரியும். சதுரங்கத்தில் குதிரையை வெட்டியவனை எந்த நரகத்துக்கும் யாரும் அனுப்புவதில்லை.

ஆனால் சதுரங்கத்தில் குதிரைக்கு விலை கொடுத்து அனுப்பிவைக்கும் வழி இல்லை. கூத்தில் துச்சாதனனுக்குச் சேலையை விட்டுவிடும் வழி இல்லை. பேரனின் ஆட்டத்தில் இரண்டு வழியும் திறந்திருந்தன. மருந்தின் விலை திரையிலேயே தெரிந்தது. புதிதாக வந்த விஷயம் இதுதான்.

இந்த வகை ஆட்டம் 1974இல் அமெரிக்காவில், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை ஆட்டத்தோடு அச்சேறியது. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டி, கதையை வாயாலேயே நடத்துவது. பிறகு கணினிக்கு வந்தது. அங்கே ரிச்சர்ட் கேரியட் என்பவர் ‘அல்டிமா’ என்ற வரிசையைச் செய்தார். தம் முதல் ஆட்டங்களில் ஆடுகிறவர்கள் ஊர்க்காரர்களைக் கொன்றும் கடைகளில் திருடியும் வென்றதைக் கண்டு அவருக்கு உறுத்தியது. அதனால் 1985இல் வந்த நான்காம் அல்டிமாவில் வில்லனையே எடுத்துவிட்டார். நேர்மை, இரக்கம், பணிவு முதலான எட்டுக் குணங்களில் நிறைவு பெற்றால்தான் வெற்றி. அந்த நிறைவு பெற்றவனுக்கு அவர் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? அவதாரம். நம் சொல்லையே எடுத்துக்கொண்டார்.

அந்த ஆட்டத்தில் ஒரு மூலிகைக் கடை. விற்கிறவளுக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு வைக்கிறாய் என்பதை நீயே சொல்ல வேண்டும். குறைத்து வைத்தாலும் அவள் சரக்கைக் கொடுத்துவிடுவாள். திரையில் எந்தத் தண்டனையும் வராது. உள்ளே எங்கோ நேர்மைக் கணக்கில் குறைந்துகொண்டே இருக்கும். வெகுநாள் கழித்து, நீ நிறைவுக்குத் தகுதி இல்லை என்று தெரியவரும்போதுதான் மூலிகைக்காரி ஞாபகத்துக்கு வருவாள். சித்திரகுப்தனைக் கணினிக்குள் உட்கார வைத்துவிட்டார் மனிதர்.

எல்லாப் பாத்திரத்துக்கும் ஆடுகிறவனைப் பொறுப்பாக்கிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வில்லனாக நடித்த எம்.என்.நம்பியாரைத் தியேட்டரில் திட்டித் தீர்த்தோம். அவரோ ஆண்டுதோறும் சபரிமலைக்குப் பலரை அழைத்துப்போன குருசாமி. பாலக்காடு வடவனூர்க் குடும்பத்தில் வந்த எம்.ஜி.ஆர். வேறு முடிவெடுத்தார். திரையில் புகைப்பதையும் குடிப்பதையும் தவிர்த்தார். தம்மைப் பார்த்து ஒருவன் கற்றுக்கொள்வான் என்பது அவர் கணக்கு. 1968இல் ‘ஒளிவிளக்கு’ படத்தில் குடித்தபோதுகூட, அவருடைய உருவமே எதிரே வந்து அவரைக் கேள்வி கேட்கும்படி காட்சி அமைந்தது. இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இருவர் கையிலும் இருந்தது இன்னொருவர் எழுதிய கதை.

எனக்கு உறுத்தியது அந்த வெட்டு அல்ல. “அந்த ஆளுல்ல” என்ற சொல்தான். அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

என் அம்மா கொழுந்து எடுத்தவள். எந்த எஸ்டேட் என்பது வேண்டாம். சாயங்காலம் கூடையை நிறுக்கும் இடத்தில் ஒருவர் இருப்பார். ஈரத்துக்கு, கூடைக்கு, முற்றிய இலைக்கு என்று கிலோக்களைக் கழிப்பார். இரவில் எங்கள் லயத்துக்கே வந்து கட்டன்சாயா குடிப்பார், தங்கைக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை கொண்டுவந்து தருவார். ஒருநாள் அம்மா நேராகவே கேட்டுவிட்டாள். “அது நான் இல்ல தாயி, என் வேலை அப்படி” என்றார். கழிக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு இருந்தது உண்மை. எத்தனை கிலோ என்பதை அவர் கைதான் முடிவு செய்தது. எதிரே நின்ற கூடை மாவினால் செய்ததும் அல்ல.

அப்படியானால் ஆட்டத்தையே தடுத்துவிடலாமா? 2020 செப்டம்பரில் பப்ஜி என்ற செல்போன் ஆட்டத்தை அரசு தடை செய்தபோது இங்குள்ள பெற்றோர் பலர் நிம்மதியானார்கள். அரசு சொன்ன காரணம் நாட்டுப் பாதுகாப்பு, பிள்ளைகளின் அறம் அல்ல. ஆட்டத்தைப் பிடுங்கி வைப்பதில் எனக்கும் நம்பிக்கை இல்லை. கதையில் கொலை செய்யாமல் யாரும் வளர்ந்ததில்லை. நாங்கள் மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டு வாலியையும் இராவணனையும் கொன்றவர்கள்தான். இரண்டு வழி இருந்தபோது எதை எடுத்தாய் என்று கேட்பதற்கு ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். திட்டக் கூடாது, கேட்க வேண்டும்.

நானும் கேட்டேன். துச்சாதனன் கதையைச் சொன்னேன், மாக்கோழி கதையையும் சொன்னேன். கோழி கூவிய இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தான். பிறகு செல்போனுக்குள் போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். அந்த வியாபாரியை இன்னும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் தலைக்கு மேல் மிதந்த பெயரை மாற்றிவிட்டான்.