கொடியெழுத்து

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சென்ற தை மாதத்தில் நம்மவர் இல்லத்து மணவினைக்கு அழைப்பிதழொன்று எமக்கு வந்தது. அதன் ஆங்கிலப் பக்கம் முழுவதும் கொடியோடினாற் போன்ற எழுத்துக்களால் அச்சாகியிருந்தது. மணமகளின் பெயரை முற்றும் பேரெழுத்தாகவே அடுக்கியிருந்தமையால், ஒன்றன் வால் மற்றொன்றன் தலையிற் சிக்கி, எத்துணை முயன்றும் எம்மால் வாசிக்கக் கூடவில்லை. தமிழ்ப் பக்கத்தைத் திருப்பியன்றோ அறிந்தோம்! பெரும்பொருள் செலவிட்ட பெற்றோர், காண்பார் எல்லாரும் பெயரை வினவக் கேட்டு மிக வருந்தினர். எமக்கும் அவ்வெழுத்தின் மேற் சினமே பிறந்தது. அதன் வரலாற்றை ஆராய்ந்த பின்னர், குற்றம் எழுத்தினுடையதன்று எனத் தெளிந்தோம்.

அவ்வெழுத்துருவின் பெயர் ஸாப்ஃபினோ. அதனை வகுத்தவர் ஜெர்மனி தேசத்து நூரெம்பர்க் நகரில் 1918-ஆம் ஆண்டு பிறந்த ஹெர்மன் ஸாப்ஃப் என்பார். மின்பொறியியல் கற்க வேண்டுமென்பதே அவர் இளமையிற் கொண்ட விருப்பம். தந்தையாரோ தொழிற்சங்கத்திற் பங்குகொண்டவர். 1933-இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் தந்தை வேலையிழந்தார். மகனுக்கு உயர்கல்வியின் கதவு அடைபட்டது. வேறு வழியின்றி ஓர் அச்சகத்திற் படந்திருத்தும் தொழில் பயில அமர்ந்தார். 1935-இல் ருடால்ஃப் கோஹ் என்னும் எழுத்தோவியரின் நினைவுக் கண்காட்சியைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தவர், இரண்டு நூல்களை விலைக்கு வாங்கி, ஆசிரியரின்றித் தாமே வீட்டிலிருந்து பட்டைப்பேனாவாற் பழகினார். கல்லூரியில் இடம் கிடைத்திலதென்று வாடியிருக்கும் நம் சமூகத்து மாணவர் இதனைச் செவிக்கொள்வாராக.

போர்க்காலத்தில் அவர்க்கு நிலப்படம் வரையும் பணி வாய்த்தது. உருப்பெருக்கியின் துணையின்றி ஒரு மில்லிமீட்டர் அளவில் எழுதவல்ல கண்கள் அவருடையவை! 1944-இல் தம் குறிப்பேட்டில் அழகுற ஒரு பக்கம் எழுதி வைத்தார். அப்பக்கமே ஸாப்ஃபினோவின் வித்து. அது முளைக்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. தடையாய் நின்றது ஈயம். ஈய அச்செழுத்து ஒவ்வொன்றும் நாற்கோணக் கட்டை. கட்டைக்கு வெளியே நீளும் வால் எளிதில் முறியும். கணினி வந்த பின்னரே, 1998-இல், லைனோடைப் நிறுவனத்தார் அதனை வெளியிட்டனர்.

கையால் எழுதுவார் ஓரெழுத்தை இருமுறை ஒரே வடிவாய் எழுதுவதில்லை. ஆதலின் ஓரெழுத்துக்கே பல வடிவங்களை வரைந்தார் ஸாப்ஃப். அண்டை எழுத்தை நோக்கித் தக்கதைக் கணினி தெரிந்து வைக்கும். நிலைமொழியும் வருமொழியும் புணருங்கால் ஈறு திரிவதை நாள்தோறும் கற்பிக்கும் எமக்கு இஃது அயலாகத் தோன்றவில்லை. ஆப்பிள் கணினியில் அவ்வுருவின் பெயரையே அதனால் ஆங்கிலத்தில் எழுதினால், ஏழெழுத்தும் கூடி ஒரு சித்திரமாகி விடுகின்றன!

இனி, இதனை ஆளுமாறு. சொல்லின் முதலெழுத்து மட்டும் பேரெழுத்தாதல் வேண்டும். மேலும் கீழும் கொடி படர வெற்றிடம் தாராளமாக விடுக. மணமக்கள் பெயர், நற்சான்றிதழிற் பெறுவார் பெயர், நூலின் முகப்பு ஆகியவற்றிற்கு இது சாலப் பொருந்தும். மண்டபத்தின் முகவரியும் முகூர்த்த நேரமும் சாதாரண எழுத்திலேயே இருக்கட்டும். வழி தேடி வருவார்க்கு வேண்டுவது அழகன்று. இவ்வுருவில் தமிழெழுத்து இல்லை என்பதையும் நினைவிற் கொள்க.

அவ்வழைப்பிதழின் ஆங்கிலப் பக்கத்தை இம்முறைப்படி திருத்தி அச்சிட்ட படியொன்றை மேசைமேல் வைத்திருக்கிறோம். அடுத்த முகூர்த்தத்திற்கு அச்சகம் செல்லவிருப்போர் எடுத்துப் பார்க்கலாம்.