அறையை அளந்து ஸ்பீக்கர் வாங்குங்கள்

10 அடிக்கு 10 அடி அறையில் ஆளுயர ஸ்பீக்கரை வைத்தால் பாட்டு தெளிவாகக் கேட்காது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி மோதித் திரும்பி வீங்கும். சதுர அறையென்றால் நீளம், அகலம் இரண்டுமே அதே ஒலியைத் தூக்கிவிடும். பேஸ் கிடார் ஒரே இடத்தில் ‘கும்’மென்று முழங்கி, பாடகர் குரலை மூடிவிடும்.

சின்ன இடத்துக்குச் சின்ன ஸ்பீக்கரே பொருந்தும். பிபிசி 1970களில் ஒலிபரப்பு வேன்களுக்கென்றே எல்எஸ் 3/5ஏ என்ற ஸ்பீக்கரை உருவாக்கியது. உயரம் ஓரடிதான். அடிநாதம் குறைவு, மனிதக் குரலையோ அவ்வளவு உண்மையாகத் தரும்! சின்ன அறைக்காரர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். பெரிய கூடத்தில் அது திணறும்.

ஏற்கெனவே பெரியது வாங்கிவிட்டீர்களா? மூலையிலிருந்து நகர்த்தி, சுவரைவிட்டு இரண்டடி தள்ளி வையுங்கள். முழக்கம் குறையும்.