கூழும் தசையும்

மருங்காபுரிப் பக்கம் காலையில் கம்பங்கூழைக் குடித்துவிட்டு வயலுக்குக் கிளம்புகிறார்கள். கூழின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து, ரத்தம் வழியே செல்லுக்குள் போகிறது. அங்கே பாதி உடைகிறது. மிச்சத்தை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு எடுத்துக்கொள்கிறது. நாம் இழுத்த மூச்சின் ஆக்சிஜனைக் கொண்டு அதைப் படிப்படியாக எரித்து, வரும் ஆற்றலை ஏ.டி.பி. என்ற மூலக்கூறில் ஏற்றிவைக்கிறது. தசை சுருங்குவது இந்த ஏ.டி.பி.யால்தான். இதை அதிகமாகச் சேமித்து வைக்க முடியாது. உடைய உடைய, செல் மறுபடி மறுபடி கட்டிக்கொண்டே இருக்கும்.

1929-ல் தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்துக் காட்டியவர்களில் ஒருவர் எல்லாபிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து இதைச் செய்தார். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் கண்டறிந்தார். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய பெயர், சுப்பாராவ்.