கைப்பேசிக்குள் ஒரு சீதனம்



'பொருள்' என்ற சொல் தமிழில் உடைமையையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அவ்விரண்டும் வேறு வேறு என்பது ஒரு தவற்றினால்தான் விளங்கிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில், என் பழைய கைப்பேசியைக் கடையில் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு பணம் கட்டிப் புதியது வாங்கினேன். அலுவலகத்தில் நால்வர் கையில் வாங்கிப் பார்த்தார்கள், எனக்கும் பெருமைதான். வீட்டிலோ என் மனைவி, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். அப்போது அவளிடம் இருந்தது சாதாரணப் பொத்தான் கைப்பேசி. ஆகவே கும்பகோணத்திலிருந்து அவள் தாயார் அனுப்பிய குரற்பதிவுகள் என் எண்ணுக்கே வந்துகொண்டிருந்தன. குழந்தைக்குச் சளி விட்டதா, ஊறுகாய் வந்து சேர்ந்ததா என்ற விசாரிப்புகளே அவை. அந்த அம்மையார் அதற்குள் காலமாகிவிட்டார். பிரதி எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை.

1981-இல் சிக்சென்ட்மிகாயி, ராக்பர்க்-ஹால்ட்டன் என்னும் அறிஞர் இருவர் ஒரு நூல் வெளியிட்டனர். சிக்காகோப் பகுதியில் 82 குடும்பங்களைச் சேர்ந்த 315 பேரிடம், வீட்டில் தமக்கு அருமையான பொருள் எது என்று அவர்கள் வினவியிருந்தனர். ஆண்கள் தொலைக்காட்சி, இசைப்பெட்டி போன்ற கருவிகளைப் பெண்களைவிட மிகுதியாகச் சொன்னார்கள். பெண்கள் புகைப்படம் முதலிய, உறவை நினைவூட்டும் பொருள்களை மிகுதியாகச் சொன்னார்கள். இதனைப் பிறவிக் குணம் என்று கொள்ள வேண்டியதில்லை. உறவைப் பேணும் வேலையை நாம் பெண்களிடம் ஒப்படைத்திருக்கிறோம். அதற்குரிய பண்டங்களும் அவர்கள் கையில் சேர்கின்றன.

1992-இல் ரிச்சின்ஸ், டாசன் என்னும் ஆய்வாளர்கள் பொருட்பற்றை மூன்று கூறாக வகுத்தார்கள்: உடைமையை வாழ்வின் நடுவே வைத்தல், அதனால் இன்பம் வரும் என்று நம்புதல், அதையே வெற்றிக்கு அளவுகோலாக்குதல். மூன்றாவது கூறு என்னிடம் இருந்தது. கருவியின் விலையை அறிந்திருந்தேன். அதனுள் இருந்ததை எண்ணவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடையவர்கள் ஏறத்தாழ 54 விழுக்காடே. ஏனையோரின் படமும் குரலும் பிறர் பெயரிலுள்ள கருவியில் குடியிருக்கின்றன. சீதன நகையை விற்குமுன் மனைவியைக் கேட்பது முறை என்று அறிந்த நாம், இதற்குக் கேட்பதில்லை.

ஊரை விட்டு வந்த நமக்கு ஊரின் பெரும்பகுதி இக்கருவிக்குள்தான் இருக்கிறது. ஆகவே, மாற்றுமுன் வீட்டாரை ஒரு முறை கேளுங்கள்; வேண்டியதை வேறோர் இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள்; கடவுச்சொல் ஒருவருக்கே தெரிந்த இரகசியமாக இராதிருக்கட்டும்.

என் மைத்துனர் தம் கைப்பேசியில் தேடி, ஒரே ஒரு பதிவை அனுப்பினார். பதினோரு விநாடி. இப்போது அது மனைவியின் சொந்தக் கைப்பேசியில் இருக்கிறது.