படத்தில் புள்ளியா, பாயில் பூசணமா?

(கூட்டமைப்பின் விற்பனைக் குழு நடத்திய ஒரு நாள் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில் கணக்கு எழுதுவது பற்றிப் பேசியாச்சு. இப்போது கொஞ்ச நேரம் போட்டோ பற்றிப் பேசுவோம். "போட்டோ எடுக்கிறதெல்லாம் பிள்ளைங்க வேலை, நமக்கு எதுக்கு?" என்று பின்வரிசையில் ஓர் அக்கா சொல்வது காதில் விழுகிறது. அக்கா, கண்காட்சியில் கடை போட்டால் வருகிறவர் பாயைத் தொட்டுப் பார்ப்பார், ஊறுகாயை ருசி பார்ப்பார். செல்போனில் அதுக்கு வழி இல்லை. படத்தைப் பார்த்துத்தான் விலை கேட்கிறார், படத்தைப் பார்த்துத்தான் வேண்டாம் என்கிறார்.

உறுப்பினர்கள் எங்களுக்கு அனுப்புகிற படங்களில் அடிக்கடி பார்க்கிற குறை ஒன்று உண்டு. படம் முழுக்க ரவையைத் தூவின மாதிரி இருக்கும். நிழல் விழுந்த இடங்களில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பொடிப் புள்ளிகள் தெரியும். கேமராக்காரர்கள் இதை 'நாய்ஸ்' என்கிறார்கள், அதாவது இரைச்சல். படத்தில் ஏது சத்தம் என்று கேட்காதீங்க. ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காதபோது பாட்டோடு சேர்ந்து 'கொர்'னு ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி கேட்காமலே சேர்ந்து வருகிற சரக்கு இது.

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? போன மழைக்காலத்தில் வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் நம் குழு ஒன்றிடம் 20 கோரைப்பாய் கேட்டிருந்தார். பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்குள் ட்யூப் லைட்டில் எடுத்த படம் அவருக்குப் போனது. "பாயில் பூசணம் பிடிச்சிருக்கே, வேண்டாம்" என்று பதில் வந்தது. நாங்கள் நேரில் போய் ஒவ்வொரு பாயாக விரித்துப் பார்த்தோம். ஒரு பொட்டு பூசணம் இல்லை, அருமையான சரக்கு. ஆனாலும் அவரைக் குறை சொல்ல முடியுமா? மழை நாளில் கோரையில் பூசணம் பிடிப்பது நமக்குத் தெரியாததா? கண்ணில் பட்டதை அவர் சொன்னார். மறுநாள் காலையில் திண்ணையில் விரித்து எடுத்த படம் போன பிறகுதான் ஆர்டர் திரும்பி வந்தது. பத்துப் பெண்கள் வாரக்கணக்கில் நெய்த உழைப்பு இருட்டில் எடுத்த ஒரு படத்தால் கைவிட்டுப் போக இருந்தது.

சரி, இந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது? செல்போன் கேமராவுக்குள் சென்சார் என்று ஒரு சில்லு இருக்கிறது. பல போன்களில் அது சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். அதில் லட்சக்கணக்கான குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியும் தன் மேல் விழுகிற வெளிச்சத்தை அளக்கும். முற்றத்தில் டம்ளர்களை வரிசையாக வைத்து மழை பிடிப்பதாக நினைச்சுக்குங்க. தூறல் போட்டால் ஒரு டம்ளரில் 3 துளி விழும், பக்கத்து டம்ளரில் 6 விழும். ஒரே முற்றம், ஒரே மழை, ஆனால் ஒன்றுக்கு ஒன்று இரட்டிப்பு! கனமழை என்றால் எல்லா டம்ளரும் கிட்டத்தட்ட ஒரே அளவு நிறையும். வெளிச்சமும் துளித்துளியாகத்தான் விழுகிறது. சராசரியாக 100 துளி விழுகிற இடத்தில் 10 போலக் கூடும், குறையும். அது நூற்றுக்குப் பத்து. 10,000 துளி விழுகிற இடத்தில் 100 போலத்தான் கூடும், குறையும். அது நூற்றுக்கு ஒன்று. வட்டிக் கணக்குப் பார்த்துப் பழகின நமக்குப் பத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லவா வேணும்? ஒரே நிறமான பாயில் ஒரு குழி கூடவும் அடுத்தது குறையவும் அளந்தால், அதுதான் படத்தில் ரவை ரவையாகத் தெரிகிறது.

வெளிச்சம் பத்தாதபோது கேமரா இன்னொரு வேலையும் செய்கிறது. கிடைத்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. மைக் செட்டில் வால்யூமைத் திருகினால் பேச்சோடு சேர்ந்து இரைச்சலும் கூடும் இல்லையா? அதேதான். இந்த அளவுக்கு ஐ.எஸ்.ஓ. என்று பெயர். 100-ல் இருந்து 1600-க்குப் போனால் 16 மடங்கு பெருக்கம்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின காலத்தில் டிஜிட்டல் கேமரா நம் பக்கம் கிடையாது, பிலிம் ரோல்தான். பழைய குழுப் படங்களில் தெரிகிற குருணை வேறு வகை. பிலிமில் பூசின வெள்ளி உப்பின் பொடி அது. இருட்டில் எடுக்கத் தோதான பிலிமில் பொடி பெரிசாக இருக்கும். அந்தப் படங்களை யாரும் 'சரி' செய்ய வேண்டாம், அப்படியே அழகாகத்தான் இருக்கின்றன.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். படத்தில் தெரிகிற புள்ளி கேமராவின் புள்ளியா, பொருளில் உள்ள கறையா? பாயை அசைக்காமல், போனையும் அசைக்காமல் அடுத்தடுத்து இரண்டு படம் எடுங்க. இரண்டையும் விரலால் பெரிசாக்கி ஒரே இடத்தைப் பாருங்க. நாய்ஸ் புள்ளி படத்துக்குப் படம் இடம் மாறும். பூசணம் மாறாது, அது இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு பாயைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் எடுங்க. பாயோடு சேர்ந்து நகர்ந்தால் அது பாயின் கறை. பாய் நகர்ந்தும் படத்தின் அதே மூலையில் நின்றால் லென்ஸையோ கேமராவையோதான் பார்க்கணும். உண்மையிலேயே பூசணம் என்றால் அந்தப் பாய் விற்பனைக்குப் போகக் கூடாது. அதில் இரண்டு பேச்சு இல்லை.

வேறு சில குறைகளையும் நாய்ஸ் என்று குழப்பிக்கொள்கிறோம். கை ஆடினால் படம் இழுபட்டுத் தெரியும், புள்ளி வராது. எண்ணெய்க் கையால் லென்ஸைத் தொட்டிருந்தால் பனி மூடின மாதிரி மங்கும், அதுக்குப் பழைய பருத்தித் துணியால் ஒரு துடைப்பு போதும். ட்யூப் லைட்டின் கீழ் சில சமயம் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதனால் பழைய ட்யூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரிந்துவிடும்.

மருந்து என்ன? வெளிச்சம்தான். காலை எட்டு மணிக்கு மேல், திண்ணையிலோ வாசலை ஒட்டி வீட்டுக்குள்ளோ, வெயில் நேரே படாத இடத்தில் பொருளை வையுங்க. உச்சி வெயில் வேண்டாம், ஒரு பக்கம் வெளிறும், மறுபக்கம் நிழல் கறுக்கும். நிழல் விழுகிற பக்கத்தில் துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் தொங்க விடுங்க. வேட்டியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமே நிழலில் உள்ள புள்ளியைப் பாதி அடக்கிவிடும். திரையில் பொருளின் மேல் விரலால் தொடுங்க. பல போன்களில் சூரியன் போல ஒரு குறி வரும், அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும். எடுக்கும்போதே வெளிச்சமாக எடுக்கணும். இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு வெளுக்க வைத்தால் இருட்டுக்குள் பதுங்கியிருந்த புள்ளியெல்லாம் வெளியே வந்துவிடும். ஜூம் பண்ணாமல் கிட்டே போங்க. வெயிலில் கிடந்து சூடேறின போனிலும் புள்ளி கூடும், ஆறட்டும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், கோரையின் பளபளப்பில் வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்துவிடும்.

ராத்திரியில்தான் நேரம் கிடைக்குது என்கிற சகோதரிகள் இரவுப் பயன்முறையைப் போட்டு எடுக்கலாம். போன் அடுத்தடுத்துப் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். நாலு படம் சேர்ந்தால் புள்ளி பாதியாகும், 16 சேர்ந்தால் கால் பங்காகும். ஆனால் போன் அசையக் கூடாது. செங்கல் மேலோ அரிசிப் படியில் சாய்த்தோ வைத்து, டைமரில் 3 நொடி போட்டுக் கையை எடுத்துடுங்க. பாய்க்கு இது சரி, ஓடுகிற பிள்ளைக்குச் சரிப்படாது.

புள்ளியை அழிக்கிற ஆப் நிறைய இருக்கிறது. கொஞ்சமாகப் போட்டால் நல்லது, முக்கியமாக வண்ணப் புள்ளியை அழிக்க. ஆனால் இழுத்த இழுப்புக்குப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? அந்த ஆப்புக்குப் புள்ளி எது, இழை எது என்று முழுசாகத் தெரியாது. இரண்டையும் சேர்த்து மழுக்கிவிடும். பத்தமடைப் பாய்க்கு மதிப்பே கோரையை மெல்லிசாகக் கிழித்து நெய்த நெருக்கத்தில்தான். அதை மழுக்கிக் காட்டினால் பிளாஸ்டிக் பாய்க்கும் நம் பாய்க்கும் படத்தில் என்ன வித்தியாசம்? இப்போது வருகிற சில ஆப்கள் இல்லாத இழையைத் தாங்களாகவே வரைந்தும் காட்டுகின்றன. பார்க்க அழகாக இருக்கும். பார்சல் பிரித்தவர் "படத்தில் பார்த்தது வேற" என்று திருப்பி அனுப்பினால் போகிற செலவும் வருகிற செலவும் குழுவின் தலையில்தான். அதனால் இதை நாங்கள் அறவே ஏற்பதில்லை.

இதுக்காகப் புதுப் போன் வாங்கக் கடன் கேட்க வேண்டாம். 48 மெகாபிக்சல் என்று விற்கிற பல போன்கள் நாலு குழியை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படம்தான் தருகின்றன. மங்கல் வெளிச்சத்தில் அதுவே நல்லது, மாற்றாதீங்க.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். அப்போது புள்ளிகள் கூடிச் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்க, எடுத்தது எடுத்தபடி போகும்.

பாஸ்புக், தீர்மானப் பக்கம் எதைப் படம் எடுத்தாலும் வாசல் வெளிச்சம்தான். ரவை விழுந்த படத்தில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரிந்து, 3,000 எது 8,000 எது என்று தெரியாமல் போகும். சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் செய்து பார்ப்போம். ஆளுக்கு ஒரு பொருளும், குழுவுக்கு ஒரு வெள்ளை வேட்டியும் எடுத்துக்கிட்டு வாங்க.